"அந்த ஒரு விஷயத்தில் எனக்கும் அவரோடு உடன்பாடு இல்லை"

அலபாமாவில் டெமாக்ரட் வேட்பாளருக்காக வீடு வீடாகப் போனால், கதவு திறந்து நாலு வார்த்தை பேசுவதற்குள் கருக்கலைப்பு வந்துவிடும். "ஆள் நல்லவர்தான். ஆனால் கருவில் இருக்கிற குழந்தையைக் கொல்லலாம் என்கிற கட்சிக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன்." 2017 இறுதியில் ஹன்ட்ஸ்வில், மேடிசன் தெருக்களில் டெமாக்ரட் செனட் வேட்பாளர் டக் ஜோன்ஸுக்காக நடந்தபோது இதைக் கேட்காத சனிக்கிழமையே இல்லை. சொன்னவர்கள் யாரும் வம்புக்குச் சொல்லவில்லை. உள்ளுக்குள் நம்பித்தான் சொன்னார்கள்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். கருவில் இருப்பது ஓர் உயிர், அதைக் காக்க வேண்டும் என்று நம்புகிறவள். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். ஆனாலும் ஜோன்ஸுக்கு ஓட்டுப் போட்டேன். என்னைப் போலவே நம்புகிற மற்றவர்களிடமும் போய்க் கேட்டேன். ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் இங்குள்ள தமிழ் நண்பர்கள் யாராவது போன் செய்து, "இந்தப் பேச்சு வந்தால் நீ என்ன சொல்வாய்?" என்று கேட்கிறார்கள். போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

தேர்தலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெஃப் செஷன்ஸ் அட்டர்னி ஜெனரலாகப் போனதால் காலியான செனட் இடத்துக்கு நடந்த இடைத்தேர்தல் அது. முந்தைய வருடம்தான் டிரம்ப் இந்த மாநிலத்தில் 62 சதவீத ஓட்டு வாங்கியிருந்தார். 1992-க்குப் பிறகு இங்கே எந்த டெமாக்ரட்டும் செனட் தேர்தலில் வென்றதில்லை. ரிபப்ளிகன் வேட்பாளர் ராய் மூர், பத்துக் கட்டளைகள் பொறித்த நினைவுக்கல்லை நீதிமன்றக் கட்டடத்திலிருந்து அகற்ற மறுத்து 2003-இல் மாநிலத் தலைமை நீதிபதி பதவியை இழந்தவர். நவம்பர் 9 அன்று வாஷிங்டன் போஸ்டில் ஒரு செய்தி வந்தது. தாங்கள் பதின்ம வயதில் இருந்தபோது, முப்பதுகளில் இருந்த மூர் தங்களை நெருங்கினார் என்று சில பெண்கள் அதில் சொல்லியிருந்தார்கள். ஒருவர் தனக்கு அப்போது வயது 14 என்றார். மூர் குற்றச்சாட்டை மறுத்தார்.

ஜோன்ஸ் யார் என்று ஹன்ட்ஸ்வில்லில் எல்லோருக்கும் தெரிந்திருக்கவில்லை. 1963-இல் பர்மிங்ஹாம் 16-வது தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு கறுப்பினச் சிறுமிகள் இறந்தார்கள். அந்த வழக்கில் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள் இருவருக்கு, ஏறக்குறைய நாற்பது வருடம் கழித்து, 2001-லும் 2002-லும் தண்டனை வாங்கித் தந்த அரசு வழக்கறிஞர் அவர். எனக்கு அவர் மேல் மதிப்பு வந்தது அதனால்தான். ஆனால் கருக்கலைப்பு விஷயத்தில் அவர் ஒரு டிவி பேட்டியில், பெண்ணின் தேர்வுரிமையில் கைவைக்கும் சட்டத்தை ஆதரிக்க மாட்டேன், குழந்தை பிறந்த பிறகு அதற்காக நிற்பேன் என்ற பொருளில் பேசிவிட்டார். கர்ப்பத்தின் கடைசிக் கட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் கட்டுப்பாடுகள் அப்படியே இருக்கட்டும் என்று நவம்பரில் விளக்கம் கொடுத்தார். மக்கள் மனதில் பேட்டிதான் நின்றது. விளக்கம் யார் காதிலும் ஏறவில்லை.

இந்த நிலையில் வாசலில் என்ன பேசுவது? கூட வந்த தன்னார்வலர்களில் பலர் கருக்கலைப்பு வந்ததுமே பேச்சை மாற்றப் பார்ப்பார்கள். "அது இருக்கட்டும், மருத்துவக் காப்பீடு பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று தாவுவார்கள். எதிரே நிற்பவருக்கு அது உடனே புரிந்துவிடும். தான் உயிருக்கும் மேலாக நினைக்கிற ஒன்றை இவர்கள் தொல்லையாக நினைக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, அவர் எதற்கு மேற்கொண்டு கேட்க வேண்டும்?

நான் செய்தது இதற்கு நேர்மாறு. அவர் கேட்பதற்கு முன்பே நானே சொல்லிவிடுவேன். "ஜோன்ஸுக்கும் எனக்கும் ஒரு பெரிய விஷயத்தில் ஒத்துப்போகாது. கருக்கலைப்பு சட்டபூர்வமாக இருக்க வேண்டும் என்கிறார் அவர். நான் அப்படி நினைக்கவில்லை. அது தெரிந்தேதான் அவருக்கு ஓட்டுப் போடப் போகிறேன். ஏன் என்று சொல்ல ஐந்து நிமிடம் கொடுப்பீர்களா?" இப்படிச் சொன்னதும் வாசலில் நிற்பவரின் தோள் இறங்குவதைப் பார்க்கலாம். சண்டைக்குத் தயாராக நின்றவருக்குச் சண்டை போட எதிராளி இல்லாமல் போய்விடுகிறது. அதோடு, வேட்பாளரின் குறையை நானே முதலில் சொன்னதால் அடுத்து நான் சொல்கிற நல்லதையும் அவர் கொஞ்சம் நம்புகிறார்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. எங்கள் குழுவில் இந்து நண்பர்கள் இருந்தார்கள், கருக்கலைப்பு உரிமையை முழுமனதாக ஆதரிக்கிறவர்களும் இருந்தார்கள். நம்பாததை நம்புவதாகச் சொல்லக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன். அவர்களில் மிக நன்றாகப் பேசிய ஒரு தம்பி இப்படி ஆரம்பிப்பான்: "இந்த விஷயத்தில் உங்கள் நம்பிக்கை என்னுடையது இல்லை. அதை மாற்றவும் நான் வரவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டே இந்தத் தேர்தலை எப்படிப் பார்ப்பது என்று பேசலாமா?" அதுவும் வேலை செய்தது. பொய் இல்லாமல் பேசினால் நம்பிக்கை வேறாக இருந்தாலும் பரவாயில்லை என்று அவனிடம்தான் கற்றுக்கொண்டேன்.

ஒரு வாதத்தை மட்டும் யாரும் எடுக்கவே கூடாது. "பிறக்கும் வரைதான் உங்களுக்கு உயிர் மேல் அக்கறை, பிறந்த பிறகு கண்டுகொள்வதில்லை" என்கிற வாதம். சொல்கிறவருக்கு அது சாமர்த்தியமாகத் தெரியும். கேட்கிறவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். அந்தத் தெருக்களில் நான் பார்த்தவர்களில் பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்தவர்கள் உண்டு, அரசு ஒப்படைக்கும் குழந்தைகளை மாதக்கணக்கில் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள் உண்டு. எங்கள் தேவாலயப் பங்கிலேயே கர்ப்பிணிகளுக்கு டயப்பர், பால்பவுடர், கார் சீட் சேர்த்துக் கொடுக்கும் குழு இருக்கிறது. நானும் அதில் வேலை செய்கிறேன். எங்களைப் பார்த்து வேஷக்காரர்கள் என்று ஒருவர் சொன்னால் மேற்கொண்டு பேச என்ன இருக்கிறது?

ஆனால் அதே விஷயத்தை வேறு இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம். அந்த வருடம் செப்டம்பர் 30-ஆம் தேதியோடு சிப் என்கிற குழந்தைகள் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கான மத்திய நிதி ஒப்புதல் காலாவதியானது. அலபாமாவில் ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் அந்தத் திட்டத்தை நம்பியிருந்தார்கள். ஆல் கிட்ஸ் என்ற பெயரில் இங்கே எல்லோருக்கும் தெரியும். ஜோன்ஸ் போன இடமெல்லாம் இதைத்தான் பேசினார். அதே நவம்பரில் மாநிலச் சுகாதாரத் துறையின் கணக்கும் வந்தது. 2016-இல் அலபாமாவில் உயிரோடு பிறந்த ஒவ்வொரு 1000 குழந்தைகளில் 9.1 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்திருந்தார்கள். நாடு முழுவதும் அந்த எண் 5.9. இதை நான் குற்றச்சாட்டாகச் சொன்னதில்லை. "நம் இருவருக்கும் குழந்தைகள் சாகக் கூடாது. இந்த எண்ணைப் பார்த்த அன்று எனக்கு மனசு சரியில்லை. செனட்டில் இந்த நிதிக்காக யார் முதலில் நிற்பார் என்று பார்த்தேன்" என்று என் பக்கத்திலிருந்து சொன்னேன். கேட்டவர் அதை ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். அவமானப்படாமல் கேட்டார் என்பதுதான் முக்கியம்.

இன்னொரு எண்ணையும் சில வீடுகளில் சொன்னேன். 2014-இல் அமெரிக்காவில் கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்களில் நான்கில் மூன்று பேர் ஏழைகள் அல்லது குறைந்த வருமானம் உள்ளவர்கள். டயப்பர் குழுவில் நான் சந்திக்கிற பெண்களுக்கும் கவலை அதுதான்: வாடகை, பிரசவச் செலவு, வேலை போய்விடுமோ என்ற பயம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்தப் பயத்தைக் குறைத்தால் சில குழந்தைகளாவது பிறக்கும் என்று நான் நம்புகிறேன். இதை விவரமாகக் கேட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான்.

கடினமான கேள்வி நீதிபதிகள் பற்றியது. ரெட்ஸ்டோன் ஆர்சனல் என்ற ராணுவ மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு இன்ஜினியர், மூரைத் தனக்குப் பிடிக்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, "சுப்ரீம் கோர்ட் நீதிபதியை உறுதி செய்வது செனட். ஜோன்ஸ் எங்கள் நீதிபதிகளுக்கு எதிராக ஓட்டுப் போடுவார். அதற்கு என்ன பதில்?" என்று கேட்டார். கவர்னர் கே ஐவியும் அப்போது கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். அந்தப் பெண்களை நம்பாமலிருக்கத் தனக்குக் காரணம் இல்லை, ஆனாலும் நீதிபதி நியமனம் முக்கியம் என்பதால் மூருக்குத்தான் ஓட்டு என்றார். இந்தக் கேள்வி வந்தால் சிலர், "செனட்டரால் கருக்கலைப்பு விஷயத்தில் ஒன்றும் செய்ய முடியாது, அது கோர்ட் விஷயம்" என்று சமாளிப்பார்கள். அது உண்மை இல்லை. உண்மை இல்லாததைச் சொல்லி வாங்கும் ஓட்டு எனக்கு வேண்டாம்.

அவரிடம், "ஆமாம், எதிராகப் போடக்கூடும்" என்றேன். அப்புறம் கணக்கைச் சொன்னேன். செனட்டில் ரிபப்ளிகன் 52, டெமாக்ரட் பக்கம் 48. ஜோன்ஸ் வென்றாலும் 51-49, பெரும்பான்மை கைமாறாது. செஷன்ஸ் விட்டுப்போன பதவிக்காலத்தில் மிச்சம் மூன்று வருடம்தான். 2020-இல் மறுபடி தேர்தல் வரும். "உங்கள் ஓட்டை அவருக்குச் சொத்தாக எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை. மூன்று வருடக் கடனாகக் கொடுங்கள். பிடிக்கவில்லை என்றால் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். பாதி யோசனையில் இருக்கிற ஆளிடம் மேலும் பேசிக் கெடுக்கக் கூடாது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவர் பயந்தது நடக்கவும் செய்தது. சுப்ரீம் கோர்ட் நியமனத்துக்கு வந்தவர்களில் 2018-இல் கேவனாவுக்கும் 2020-இல் பேரட்டுக்கும் ஜோன்ஸ் எதிராகத்தான் ஓட்டுப் போட்டார். ஆனால் இருவரும் நீதிபதிகளானார்கள். கருக்கலைப்பு அரசியலமைப்பு தரும் உரிமை இல்லை என்ற டாப்ஸ் தீர்ப்பும் 2022 ஜூனில் வந்தது. அன்று நான் சொன்ன கணக்கும் பொய்யாகவில்லை, அவர் கேட்ட கேள்வியும் வீணாகவில்லை. இரண்டையும் மறைக்காமல் பேசியதால்தான் இன்றைக்கும் அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கிறேன்.

மூர் மீதான குற்றச்சாட்டை நானாக எடுத்ததில்லை. மற்றவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். எடுத்ததுமே எதிரே இருப்பவர் மூருக்கு வக்கீல் ஆகிவிடுவார். "நாற்பது வருடம் கழித்து ஏன் இப்போது சொல்கிறார்கள்? தேர்தல் நேரம் பார்த்தா?" என்று ஆரம்பித்து, தனக்கே முழு நம்பிக்கை இல்லாததையெல்லாம் தானே வாதாடித் தனக்குள் உறுதிப்படுத்திக்கொள்வார். பேசாமல் இருந்தால் அவரே எடுப்பார். குறிப்பாக, மகள் உள்ள அம்மாக்கள். ஒரு வீட்டில் அந்த அம்மா, கணவர் உள்ளே போன பிறகு வாசல் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, பள்ளிக்கூடம் போகும் தன் மகளின் வயதைச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். "யாருக்குப் போட்டீர்கள் என்று வீட்டில்கூடச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை" என்று மட்டும் நான் சொன்னேன். ஓட்டு ரகசியம் என்பதைப் படித்தவர்களுக்குக்கூட ஒருமுறை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. முடிந்தால் கணவன் மனைவி இருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். சேர்ந்து நின்றால் ஒருவர் இன்னொருவர் முகத்தைப் பார்த்தே பதில் சொல்வார்கள்.

இன்னொன்றும் உண்டு. "உங்களுக்கு இந்த நம்பிக்கை எப்படி வந்தது?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டால் ஜனங்கள் கதை சொல்வார்கள். கலைந்துபோன கர்ப்பம், பதினேழு வயதில் பெற்றுத் தத்துக் கொடுத்த பிள்ளை, டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் பெற்றெடுத்த மகன். அந்த நேரத்தில் வேட்பாளர் பெயரை இழுக்காதீர்கள். கேளுங்கள், அவ்வளவுதான். நாங்கள் கையில் வைத்திருந்த மினிவேன் என்ற பிரச்சார ஆப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் குறிப்பு எழுத இடம் உண்டு. இப்படிப்பட்ட கதைகளை அதில் எழுதக் கூடாது என்று நான் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். வாசலில் நம்பிச் சொன்னது ஒரு கட்சியின் தகவல் கிடங்குக்குப் போய்ச் சேரக் கூடாது.

கத்தோலிக்கர்களிடம் பேசும்போது வேறு ஒரு சிக்கல் வரும். அது பாவமா இல்லையா என்கிற கேள்வி. எங்கள் பங்கில் எனக்கு மூத்த அக்கா ஒருவர் இருக்கிறார், நம் ஊர்ப் பக்கம்தான். ஞாயிறு பூசை முடிந்து காபி குடிக்கும்போது நேராகவே கேட்டுவிட்டார். "நீயும் பூசைக்கு வர்றவதான? அந்த ஆளுக்கு ஓட்டுப் போட்டுட்டு பாவசங்கீர்த்தனத்துல என்னன்னு சொல்லுவ?"

"அக்கா, இதுக்குத் திருச்சபையே பதில் சொல்லியிருக்கு" என்று சொல்லி, தெரிந்ததைச் சொன்னேன். 2004-இல், பிறகு போப் பெனடிக்ட் ஆன கார்டினல் ராட்சிங்கர், அமெரிக்க ஆயர்களுக்கு (பிஷப்புகளுக்கு) எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. அதில் இரண்டு பகுதி. வேட்பாளர் கருக்கலைப்பை ஆதரிக்கிறார் என்பதற்காகவே ஒருவர் ஓட்டுப் போட்டால் அது தீமைக்கு நேரடியாக உடந்தையாவது, அவர் நற்கருணை வாங்கத் தகுதியற்றவர். அந்த நிலைப்பாட்டை ஏற்காமல், வேறு காரணங்களுக்காக ஓட்டுப் போட்டால் அது தொலைவான ஒத்துழைப்பு. அதற்கு ஈடான தகுந்த காரணம் இருந்தால் அனுமதிக்கலாம். இரண்டு பகுதியையும் சொன்னேன். எனக்கு வசதியான இரண்டாம் பகுதியை மட்டும் சொல்லியிருந்தால் அக்கா வீட்டுக்குப் போய் முழுதும் படித்துவிட்டு என்னை ஜென்மத்துக்கும் நம்பியிருக்க மாட்டார்.

"தகுந்த காரணம்னு நீ முடிவு பண்ணுவியா?" என்றார்.

"எனக்கு நான் முடிவு பண்ணினேன் அக்கா. உங்களுக்கு நீங்கதான் பண்ணணும்."

அவர் யாருக்குப் போட்டார் என்று எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டிசம்பர் கேரல் பயிற்சிக்கு வழக்கம்போல இரண்டு பேரும் ஒரே காரில் போனோம்.

கோயில் என்றதும் ஒரு எச்சரிக்கை. கோயில் வாசலில், கார் நிறுத்துமிடத்தில் நோட்டீஸ் கொடுக்கப் போகாதீர்கள். வரிவிலக்கு பெற்ற தேவாலயங்கள் வேட்பாளருக்கு ஆதரவாகவோ எதிராகவோ பிரச்சாரம் செய்யக் கூடாது என்று 1954 முதல் சட்டம் இருக்கிறது. கார் கண்ணாடியில் சொருகின காகிதத்தைப் பார்த்து, சாமியாருக்கு இதில் சம்பந்தமோ என்று பேச்சு கிளம்பும். வேத வசனத்துக்கு வசனம் எடுத்துப் போட்டி போடவும் வேண்டாம். தெற்கத்திய பாப்டிஸ்ட் ஒருவரிடம் பைபிளில் ஜெயிக்க முடியாது. ஜெயித்தாலும் ஓட்டு வராது.

இந்த விஷயத்தில் எனக்கு உண்மையில் பாடம் எடுத்தவர்கள் கறுப்பின தேவாலயப் பெண்கள். எங்கள் வார இறுதிக் குழுவில் வயதான ஒரு அம்மா வருவார், ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஆசிரியை. கருக்கலைப்பு தவறு என்பதில் என்னைவிட உறுதியானவர். எப்படி இந்தக் கட்சிக்கு வேலை செய்கிறீர்கள் என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலில் தத்துவம் எதுவும் இல்லை. எல்லாவற்றிலும் தன்னோடு ஒத்துப்போகிற வேட்பாளர் ஒருவர்கூடத் தன் வாழ்நாளில் ஓட்டுச்சீட்டில் இருந்ததில்லை என்றார். ஓட்டுரிமை கிடைத்த காலத்திலிருந்தே, ஒன்றை ஒதுக்கிவைத்து இன்னொன்றைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார். அவருடைய வயதில் இருந்திருக்க வேண்டியவர்கள் 16-வது தெருவில் இறந்த அந்தச் சிறுமிகள். மற்றவர்களுக்கு நாங்கள் கஷ்டப்பட்டு விளக்கிக்கொண்டிருந்த முடிவை, அவரைப் போன்ற லட்சக்கணக்கான பேர் சத்தமில்லாமல் பல தேர்தல்களாக எடுத்துவந்திருக்கிறார்கள்.

ஜோன்ஸ் வென்றதும் அவர்களால்தான். வாக்குச்சாவடி கருத்துக்கணிப்பில் கறுப்பினப் பெண்களில் 98 சதவீதம் பேர் அவருக்குப் போட்டதாகத் தெரிந்தது. இவாஞ்சலிக்கல் எனப்படும் தீவிர புராட்டஸ்டன்ட் நம்பிக்கை கொண்ட வெள்ளை வாக்காளர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் மூருக்குத்தான் போட்டார்கள். நாங்கள் வாசலில் நின்று பேசியதுதான் தேர்தலை மாற்றியது என்று நான் சொல்லப் போவதில்லை. டேவிட் ப்ரூக்மேன், ஜோஷுவா கல்லா என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை விரிவாகப் பார்த்திருக்கிறார்கள். பொதுத்தேர்தலில் வீடு தேடிப் போய்ப் பேசுவதால் யாருக்கு ஓட்டு என்ற முடிவு சராசரியாக மாறுவதில்லை என்பதுதான் அவர்கள் கண்டது. வேட்பாளரின் நிலைப்பாடு மக்களுக்குச் சற்றும் பிடிக்காததாக இருந்து, மனம் மாறக்கூடியவர்களைச் சிரமப்பட்டுத் தேடிக் கண்டுபிடித்துப் பேசினால் மட்டும் கொஞ்சம் மாறும். என் அனுபவமும் இதுதான். கதவைத் திறந்ததும், "இதைப் பற்றிப் பேச எதுவுமில்லை" என்கிறவரிடம் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள். நல்ல வார்த்தை சொல்லிவிட்டு நகருங்கள். "எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை" என்கிறவருக்கு அரை மணி நேரம் கொடுங்கள்.

அப்படித் தத்தளிக்கிறவர்களுக்கு அந்த வருடம் மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது: ஓட்டுச்சீட்டில் வேறு யார் பெயரையாவது எழுதிப் போடுவது. ரிபப்ளிகன் செனட்டர் ரிச்சர்ட் ஷெல்பியே மூருக்குப் போடாமல் வேறொருவர் பெயரை எழுதியதாக வெளிப்படையாகச் சொன்னார். ஜோன்ஸுக்குக் கை வராது என்றவர்களிடம் நானும் அதைச் சொன்னேன். எங்கள் குழுவில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. முழு ஓட்டாகக் கேட்க வேண்டியதுதானே என்றார்கள். மனச்சாட்சி இடம் கொடுக்காதவரை நெருக்கினால் அவர் கடைசியில் பழைய இடத்துக்கே திரும்பிப் போவார் என்பது என் எண்ணம். டிசம்பர் 12 இரவு முடிவு வந்தது. ஜோன்ஸ் 21,924 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். வேறு பெயர் எழுதிப் போட்டவர்கள் 22,852 பேர். டிரம்ப் வென்றிருந்த எங்கள் மேடிசன் கவுண்டியும் ஜோன்ஸ் பக்கம் வந்திருந்தது.

புதிதாக வருகிறவர்களுக்கு நடைமுறை விஷயம் ஒன்றிரண்டு. குடியுரிமை இல்லாதவர்கள் ஓட்டுப் போடக் கூடாது. ஆனால் சம்பளம் வாங்காமல் தன்னார்வலராக வேலை செய்யலாம். அவர்களில் கிரீன் கார்டும் இல்லாதவர்கள் பணம் மட்டும் நன்கொடையாகத் தரக் கூடாது. அலபாமாவில் முன்கூட்டியே போய் ஓட்டுப் போடும் வசதி கிடையாது, தேர்தல் நாளன்று புகைப்பட அடையாள அட்டையோடு போக வேண்டும். மனசு மாறியவரிடம் இதையும் சொல்லிவிட்டு வாருங்கள். ஓட்டுப் போடாமல் விட்டால் மாறிய மனசால் பயனில்லை.

பலரும் விட்டுவிடுவது தேர்தலுக்குப் பிறகான வேலையை. 2018 ஜனவரியில் சிப் திட்டத்துக்கு ஆறு வருட நிதி நிறைவேறியது. ஜோன்ஸ் ஆதரித்து ஓட்டுப் போட்டார். அதே மாதம் 29-ஆம் தேதி, 20 வாரத்துக்குப் பிறகான கருக்கலைப்பைத் தடை செய்யும் மசோதா செனட்டில் வந்தது. ஆதரவு 51, எதிர்ப்பு 46. விவாதத்தை முடிக்கத் தேவையான 60 கிடைக்காமல் நின்றது. ஜோன்ஸ் எதிர்ப்புப் பக்கம். எனக்கு அது வலித்தது, மறைக்கவில்லை. அடுத்த வாரமே, நான் பேசி மனம் மாறிய வீடுகளில் சிலவற்றுக்குத் திரும்பிப் போனேன், இரண்டு செய்தியையும் சொல்ல. ஒரு இளம் அம்மாவின் மகளுக்கு ஆல் கிட்ஸ் அட்டைதான். அவர் சிப் செய்தியைக் கேட்டு நன்றி சொன்னார், மற்றதைக் கேட்டு, "நீங்கள்தான் முன்பே சொல்லியிருந்தீர்களே" என்றார். சொல்லாமல் மறைத்திருந்தால் அன்று அந்தக் கதவு என் முகத்தில் சாத்தப்பட்டிருக்கும்.

2020-இல் ஜோன்ஸ் டாமி டியூபர்வில்லிடம் ஏறக்குறைய 20 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார். அதிபர் தேர்தலோடு சேர்ந்து வந்த தேர்தல், எதிரே மூரும் இல்லை. ரெட்ஸ்டோன் இன்ஜினியர் வீட்டுக்கும் அந்த வருடம் போனேன். தடுப்பூசி வராத காலம், முகக்கவசம் போட்டு வாசலிலிருந்து தள்ளி நின்றேன். 2017-இல் ஜோன்ஸுக்குப் போட்டதாக அவரே சொன்னார். இந்த முறை போடப் போவதில்லை என்றார், நீதிபதி விஷயத்துக்காக. நான் எதிர்த்து வாதாடவில்லை. அன்று அவரிடம் கேட்டது மூன்று வருடத்துக்குத்தான்.

பிறகு காற்று வேறு பக்கமும் அடித்தது. 2019-இல் கவர்னர் ஐவி கையெழுத்திட்ட கருக்கலைப்புத் தடைச் சட்டத்தில், பாலியல் வன்முறையால் உண்டான கர்ப்பத்துக்குக்கூட விலக்கு இல்லை. டாப்ஸ் தீர்ப்பு வந்ததும் அது நடைமுறைக்கு வந்தது. 2024 பிப்ரவரியில் உறைநிலையில் வைத்த கருக்களையும் குழந்தைகளாகக் கருத வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்ல, செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சையைச் சில மருத்துவமனைகள் நிறுத்தின. அடுத்த மாதம் எங்கள் பகுதியிலேயே, மாநில அவையின் 10-வது தொகுதிக்கு இடைத்தேர்தல். டெமாக்ரட் மர்லின் லேண்ட்ஸ் இந்த இரண்டையும் வெளிப்படையாகப் பேசியே வென்றார். அந்த வாசல்களில் நான் கேட்டது புதுசு: "கருக்கலைப்பு எனக்கு ஏற்பில்லை, ஆனால் என் மகள் சிகிச்சையில் இருக்கிறாள். இவருக்குப் போடலாமா கூடாதா?" 2017-இல் சொன்ன அதே வார்த்தைகளில்தான் ஆரம்பித்தேன்: இந்த ஒரு விஷயத்தில் எனக்கும் அவரோடு முழு உடன்பாடு இல்லை. எது எனக்கு ஒப்பவில்லை, எது ஒப்புகிறது என்று சொல்லிவிட்டு, அவர் மகளைப் பற்றிக் கேட்டேன்.